ரெண்டு ஆபீஸும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால்
பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இருந்த கம்ப்யூட்டரிலேயே லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளையும் ஏற்றினார். மறுநாள் வேர்டில் அடித்த மனுக்கள் எல்லாம் அதில்தான் திறந்தன. கட்டத்தின் கோடு விலகி, கையெழுத்து வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

“எதையும் அழிச்சிராதீங்க அண்ணாச்சி” என்றேன். ஃபைல் மேல் ரைட் கிளிக், ‘ஓப்பன் வித்’, ‘சூஸ் அனதர் ஆப்’, வேர்டைத் தொட்டு ‘ஆல்வேஸ்’. விண்டோஸ் 10 என்றால் கீழே இருக்கும் கட்டத்தில் டிக் போட்டு ஓகே. வேர்ட் ஃபைல் வகைகளான டாக், டாக்எக்ஸ், எக்ஸெல் ஃபைல் வகைகளான எக்ஸ்எல்எஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்யணும்; எக்ஸெல் ஃபைலுக்கு வேர்டுக்குப் பதில் எக்ஸெலைத் தொடணும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

லிப்ரே ஆபீஸைப் புதிதாக ஏற்றப்போகிறவர்கள் ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்து, ஃபைல் டைப் பக்கத்தில் வேர்ட், எக்ஸெல், பவர்பாயிண்ட் டிக்கை எடுத்துவிடுங்கள்.