முதலில் மூச்சை விடுங்கள்: சிஓபிடி உள்ளவர்கள் நடைப்பயிற்சியில் செய்யும் தவறுகள்

எங்கள் மாநகராட்சிப் பூங்காவுக்குப் புதிதாக நடக்க வருபவர்களில் சிஓபிடி (மூச்சுக்குழல் சுருங்கி மூச்சுத் திணறும் நாள்பட்ட நுரையீரல் நோய்) உள்ளவரைத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும். தோள் இரண்டும் காது வரை ஏறியிருக்கும், வாய் திறந்திருக்கும், அரைச் சுற்று முடிவதற்குள் கண் சிமென்ட் பெஞ்சைத் தேடும். 11 வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் இருந்தேன். சிகரெட்டை விடுங்கள், டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள் என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். அதை விடுகிறேன்.

மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். நாம் திணறும்போது பக்கத்தில் நிற்பவர் சொல்வார்: "நல்லா இழுங்க சார்." நம் சிக்கல் மூச்சை விடுவதில்தான் இருக்கிறது. சிஓபிடியில் சின்ன மூச்சுக்குழல்கள் சுருங்கி, மூச்சு விடும்போது சீக்கிரமே மூடிக்கொள்கின்றன. உள்ளே போனது முழுதாக வெளியேறும் முன் அடுத்ததை இழுத்துவிடுகிறோம். வேகமாக நடக்க நடக்கப் பழைய காற்று தேங்கி, நுரையீரல் உப்பி, அதன் அடியில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகித் திணறும். டவுன் பஸ் கதைதான். உள்ளே இருப்பவர் இறங்காமல் படியில் தொங்குபவர் எங்கே ஏறுவது?

நோய் தெரிந்த இரண்டாம் வருடம், மகளின் வளைகாப்புக்குப் போக ரயில் நேரமாகிவிட்டதென்று நடைமேம்பாலப் படிகளில் பையோடு ஏறினேன். பாதியில் மூச்சு முட்டியது. இன்னும் இழு, இன்னும் இழு என்று இழுத்தேன். மேல்படியில் கண் இருட்டி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. வளைகாப்பை மனைவி போனில் காட்டினாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டு கையில்தான், ஆனால் பயத்தில் நடையையும் நிறுத்திவிட்டேன். அப்புறம் குளியலறைக்குப் போய் வரவே மூச்சு வாங்கியது. நோய் முற்றிவிட்டது என்று பயந்தேன். கரைந்தது காலின் சதை. பழக்கம் விட்ட தசை அதே வேலைக்கு அதிக மூச்சு கேட்கும்.

பிசியோதெரபி அறையில் ஒரு சின்னப் பெண்தான் திருத்தினாள்: "இழுக்காதீங்க அங்கிள், ஊதுங்க." மூக்கால் இழுக்க 2 எண்ணிக்கை. உதட்டைக் குவித்து, காப்பியை ஆற்றுவதுபோல் மெதுவாக விட 4. குவித்த உதடு, மூச்சுக்குழல் சீக்கிரம் மூடாமல் பார்த்துக்கொள்கிறது. படியில் நின்று இழுத்து, விடும்போது மட்டும் ஏற வேண்டும். குடம் தூக்கும்போதும் ஊதிக்கொண்டேதான்.

போன வாரம் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் கபாலபாதி செய்தார், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் யோகப் பயிற்சி. வீடியோவில் பார்த்தாராம். விசையோடு தள்ளினால் குழல்கள் இன்னும் சீக்கிரம் மூடும். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி முன்னால் சாயவைத்து ஊதச் சொன்னேன். தோள் இறங்க மூன்று நிமிடம் ஆனது.

இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வருவது

சட்டைப் பையில் இருக்கட்டும்.

ஆக்சிமீட்டரைப் பார்த்துக்கொண்டே நடப்பது

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி அது. கை ஆடும்போது அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அப்படியே. நின்று, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். பயிற்சி மையங்களில் பொதுவாக 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் எல்லையை உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். இன்னொன்று, 96 இருக்கும்போதும் மூச்சு வாங்கலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நான் பேச்சை வைத்துத்தான் வேகத்தை அளக்கிறேன். ஒரு வாக்கியம் பேச முடிந்தால் சரி. பாட்டே பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம்.

போகி காலையிலும் போவது

வேண்டாம். வீட்டில் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருங்கள்.

சளி மஞ்சளாகியும் விடாமல் நடப்பது

சளி மஞ்சளோ பச்சையோ ஆகி, அளவும் கூடினால் பெரும்பாலும் தொற்று. அன்று பூங்கா கிடையாது, டாக்டர்தான். குணமான பின் பழைய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அந்தப் பொறுமை வர நாலைந்து முறை படுக்க வேண்டியிருந்தது.

நெஞ்சுவலியை 'கேஸ்' என்று சொல்லிக்கொண்டு நடப்பது

நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், உதடு நீலமானால் அங்கேயே உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரை 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.