மாவட்டக் கனிம ஆய்வறிக்கை வரைவுக்கு 21 நாளில் கருத்து எழுதுவது எப்படி?

ஊருக்குப் பக்கத்தில் கல் குவாரி வரப்போகிறது என்பது பெரும்பாலோருக்குத் தெரிய வருவது, பொக்லைன் வந்து இறங்கும் அன்றுதான். அதற்கு வெகு நாள் முன்பே அந்த இடம் ஓர் அறிக்கையின் அட்டவணையில் ஒரு வரியாக ஏறியிருக்கும். ஊர், சர்வே எண், பரப்பு, கனிமத்தின் பெயர், அவ்வளவுதான். அந்த வரி வரைவாக இருக்கும்போது நாம் பேசுவதற்கு 21 நாள் அவகாசம் உண்டு. சேலம் மாவட்டத்தில் இருப்பவர்கள் அந்த 21 நாளை எப்படிப் பயன்படுத்துவது என்று, இதுவரை எந்த மனுவும் எழுதாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அது என்ன அறிக்கை?

மாவட்டக் கனிம ஆய்வறிக்கை. அலுவலகங்களில் டி.எஸ்.ஆர். (டிஸ்ட்ரிக்ட் சர்வே ரிப்போர்ட்) என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அந்தப் பெயரிலேயே கேளுங்கள், உடனே புரியும். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 ஜனவரி 15 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி கருங்கல், கிராவல் போன்ற சிறுகனிமங்களுக்கு ஒவ்வொரு மாவட்டமும் இதைத் தயாரிக்க வேண்டும். எந்தெந்தத் தலைப்பு இருக்க வேண்டும் என்பதை 2018 ஜூலை 25 அறிவிக்கை விரிவாகச் சொல்கிறது: மாவட்டத்தின் நிலவியல், மழை, நிலத்தடி நீர், நடப்பில் உள்ள குத்தகைகள், கடந்த மூன்று ஆண்டு உற்பத்தியும் வருவாயும், குவாரிகள் கூட்டமாக உள்ள இடங்கள், சுற்றுச்சூழல் பாதிப்பு, தோண்டி முடித்த குழிகளை என்ன செய்வது என்பது வரை. வரைவை மாவட்ட இணையதளத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் 21 நாள் வைத்து, வரும் கருத்துகளைப் பரிசீலித்து, பொருத்தமானவற்றைச் சேர்த்துத்தான் இறுதி செய்ய வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய சுரங்கம் என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். பந்தல் போடுவார்கள், மைக் இருக்கும், நம் பேச்சு பதிவாகும். தனியாக நிற்கும் 5 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறுகனிமக் குவாரிக்கு அந்தக் கூட்டம் கிடையாது. 5 ஹெக்டேர் என்றால் சுமார் பன்னிரண்டேகால் ஏக்கர். நம் பக்கத்துக் கல் குவாரிகளில் நிறைய இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட குவாரி பற்றி ஊர்க்காரர் தன் கருத்தை முறைப்படி பதிய வைக்கக் கிடைக்கும் முக்கியமான இடம் இந்த வரைவுதான்.

முதலில், உங்கள் ஊர்க் கல் இதில் வருமா என்று பாருங்கள்

இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஜாகீர் அம்மாபாளையம், மாமாங்கம், வெள்ளக்கல்பட்டி பக்கம் உள்ள வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், பெருங்கனிமம். ஏற்காட்டில் முன்பு வெட்டிய பாக்சைட்டும், கஞ்சமலை இரும்புத் தாதுவும் அப்படித்தான். இவற்றுக்கு வழி வேறு, டி.எஸ்.ஆர். வரைவில் போய் இவற்றை எதிர்த்து எழுதினால் அந்தத் தாள் வீண். ஆனால் அதே வெள்ளைக்கல் குழியில், மேக்னசைட் நரம்பு ஓடுகிற தாய்ப்பாறையான டூனைட் இருக்கிறதே, அது 2015 பிப்ரவரியில் சிறுகனிமப் பட்டியலுக்கு வந்துவிட்டது. ஒரே குழி, இரண்டு விதிமுறை. கருங்கல், ஜல்லி, எம்-சாண்டுக்கான கல், கிராவல் எல்லாம் சிறுகனிமம். நம்மில் பலருக்குத் தலைவலி இவைதான், இவை அறிக்கையில் வரும்.

வரைவைக் கையில் எடுப்பது

மாவட்ட இணையதளத்தில் அறிவிப்புகள், ஆவணங்கள் ஆகிய இரண்டு பகுதியையும் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் புவியியல் மற்றும் சுரங்கத் துறைப் பிரிவுக்குப் போய் "டி.எஸ்.ஆர். வரைவு பார்க்கணுங்க" என்று கேளுங்கள். வெளியிட்ட தேதி தெரியும் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; 21 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.

அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில், தடிமனாக இருக்கும். மிரள வேண்டாம். முழுவதும் படிக்கத் தேவையில்லை. குத்தகைப் பட்டியல், அதற்கான வரைபடம், நிலத்தடி நீர், குவாரிக் கூட்டங்கள் ஆகிய நான்கு இடங்கள் போதும். பட்டியலில் உங்கள் தாலுகா, அடுத்து உங்கள் வருவாய்க் கிராமம் என்று தேடுங்கள். கவனம்: நாம் ஊர் என்று சொல்லும் பெயரும் வருவாய்க் கிராமத்தின் பெயரும் பல இடங்களில் வேறு வேறு. பட்டாவில் அச்சாகியிருக்கும் பெயரையே தேடுங்கள்.

சர்வே எண் கிடைத்ததும் அரசின் நில ஆவண இணையச் சேவையில் அ-பதிவேட்டையும், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்துவிடுங்கள். நிலம் பட்டாவா, பாறைப் புறம்போக்கா, மேய்ச்சல் நிலமா, ஓடையா என்பது அ-பதிவேட்டில் இருக்கும்.

தூரத்தை அளப்பது

இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். 1959-ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்கு இடமில்லை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்த வரி: குடியிருப்பு என்றால் என்ன என்றும் விதியிலேயே விளக்கம் இருக்கிறது. வருவாய்க் கணக்கில் ஊராகக் காட்டப்பட்ட இடம், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு போன்றவைதான் அந்த விளக்கத்துக்குள் வரும்.

நம் மாவட்டத்தில் எத்தனை பேர் நத்தத்தில், அதாவது கணக்கில் ஊராக உள்ள நிலத்தில், குடியிருக்கிறார்கள்? காட்டுவளவு, கொட்டாய் என்று தோட்டத்துக்குள் பத்து வீடு, பதினைந்து வீடாகத்தான் பாதிப் பேர் இருக்கிறோம். தாத்தா காலத்து வீடு, கரண்டு இருக்கிறது, வீட்டு வரி கட்டுகிறோம், ரேஷன் கார்டில் அதே முகவரி. கணக்கில் மட்டும் அது புன்செய். வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளையாக இருக்கும். யாரும் வேண்டுமென்று மறைத்ததாக இருக்க வேண்டியதில்லை. கணக்கில் இல்லாதது படத்திலும் இல்லை. அதைப் படத்தில் ஏற்ற வைப்பதுதான் உங்கள் கருத்தின் முதல் வேலை.

அதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று சேகரியுங்கள்: வீட்டு வரி ரசீது நகல், மின் இணைப்பு எண், வாசலில் நின்று போனில் எடுத்த இருப்பிடப் புள்ளி. அங்கன்வாடி, பள்ளி, குடிநீர்த் தொட்டி, கோயில் இருந்தால் அவற்றுக்கும் புள்ளி எடுங்கள். பிறகு கூகுள் எர்த்தில் குவாரிப் புலத்தின் எல்லையை வரைந்து, அந்த எல்லையிலிருந்து மிக அருகில் உள்ள வீடு வரை அளவுகோல் கருவியால் அளந்து பாருங்கள். அறிக்கையில் குவாரிக்கு ஒரே ஒரு புள்ளி கொடுத்திருந்தால், அது நிலத்தின் நடுவாக இருக்கக்கூடும். நடுவிலிருந்து அளந்தால் 350 மீட்டர் வரும் வீடு, எல்லையிலிருந்து அளந்தால் 250-க்குள் வந்துவிடலாம். எதிலிருந்து அளந்தீர்கள் என்பதை எழுதிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. பக்கத்தில் வேறு குவாரி இருக்கிறதா? இரண்டு குவாரி எல்லைகளுக்கு இடையே 500 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவை கூட்டமாகக் கணக்கில் வரும். கூட்டத்தின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் விதிமுறை கடுமையாகும், கருத்துக் கேட்புக் கூட்டமும் வரும். பட்டியலில் இரண்டும் வெவ்வேறு கிராமத்தின் கீழ் இருந்தால் கண்ணில் படாது. எல்லை ஓரத்து ஊர்க்காரர்கள் அடுத்த கிராமத்தின் வரிகளையும் பார்க்க வேண்டும்.

கிணற்றுக் கணக்கு

வரைவின் நிலத்தடி நீர் அத்தியாயத்தில் வட்டார அளவிலான எண்கள் இருக்கும். உங்கள் வளவின் கிணறு அதில் இருக்காது. சரபங்கா, திருமணிமுத்தாறு இரண்டுக்கும் சேர்வராயன் மலைதான் ஊற்று. அடிவாரத்தில் ஒரு ஓடையை மறித்தால் கீழே எந்தக் கிணறு வற்றும் என்பது அந்தக் கிணற்றில் இறைத்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவை எண்ணாக்கிக் கொடுக்க வேண்டும்.

ஓமலூர்ப் பக்கம் ஒரு வளவில் இதற்காக வீடு வீடாகப் போனபோது ஒரு பாட்டியைப் பார்த்தேன். "தண்ணி அளவு எழுதி வெச்சிருக்கீங்களா பாட்டி?" என்றதும் தகரப் பெட்டியைத் திறந்து பழைய மாதக் காலண்டர்களை எடுத்துப் போட்டார். அமாவாசைக்கு அமாவாசை, கட்டத்துக்குள் ஒரு எண். "கயித்த விட்டு, நனையாம வர்றது எத்தனை மொழம்னு எழுதிருவேன் கண்ணு. எந்த மாசம் மாட்டுக்குத் தண்ணி வத்தும்னு தெரியணுமில்ல" என்றார். ஐந்து வருடக் காலண்டர். அவருடைய முழத்தை டேப்பில் அளந்தோம், 46 சென்டிமீட்டர். அன்று சாயந்திரமே அறுபது வரி அட்டவணை தயார். கிணறு இருக்கும் புல எண் (சர்வே எண்தான்), தேதி, தரைமட்டத்திலிருந்து நீர் வரை மீட்டரில். காலண்டர் பக்கங்களின் படத்தையும் பின்னால் இணைத்தோம்.

உங்களிடம் அப்படிப் பழைய கணக்கு இல்லையென்றால் இன்றே ஒரு கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு அளந்துவிடுங்கள். 21 நாளில் மூன்று அளவாவது கிடைக்கும்.

எழுதுவது

முதல் தடவை நான் உதவிய ஒரு ஊரில், "குவாரி வந்தால் ஊர் அழிந்துவிடும், அனுமதிக்க வேண்டாம்" என்று ஒரே வாசகத்தில் 180 கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். இராத்திரியெல்லாம் அலைந்து வாங்கிய கையெழுத்து. பொதுவான ஆட்சேபணை என்ற ஒரே வரியில் பதில் வந்தது. எந்தப் பக்கத்தில் எது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை, அவர்கள் திருத்துவதற்கும் எதுவும் இல்லை. பாட்டியின் வளவுக்கு எழுதியபோது இரண்டே பக்கம்தான். அந்த வளவு இறுதி அறிக்கையின் வரைபடத்தில் இடம்பெற்றது.

ஒவ்வொரு குறையையும் தனிப் பத்தியாக, இந்த மாதிரி எழுதுங்கள்:

"பொருள்: சேலம் மாவட்டக் கனிம ஆய்வறிக்கை வரைவு, கருத்து தெரிவித்தல். வரைவின் பக்கம் ___, அட்டவணை ___, வரிசை எண் ___-இல் ___ கிராமம், புல எண் ___ சாதாரண கல் குவாரிக்கு உகந்த இடமாகக் காட்டப்பட்டுள்ளது. அப்புலத்தின் வடக்கு எல்லையிலிருந்து ___ மீட்டரில் ___ காட்டுவளவு உள்ளது. இங்கு ___ வீடுகள் உள்ளன. வீட்டு வரி ரசீதுகளும் இருப்பிடப் புள்ளிகளும் இணைப்பு 1-இல் உள்ளன. இந்தக் குடியிருப்பு வரைவின் வரைபடத்தில் இல்லை. எனவே இதை வரைபடத்தில் சேர்த்து, மேற்படி புல எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எந்தப் பக்கம், என்ன தவறு, என்ன ஆதாரம், என்ன மாற்றம் வேண்டும். கடைசியில் உள்ள "என்ன மாற்றம் வேண்டும்" என்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீக்கச் சொல்வது மட்டுமே வழி என்றில்லை. பழைய குழிக்கு வேலி போடுவது, லாரி போகும் தடம், வெடி வைக்கும் நேரம், ஓடையிலிருந்து விட வேண்டிய தூரம் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். குவாரியில் வேலை செய்பவர்களும் எழுதலாம், எழுத வேண்டும். தொழிலாளர் உடல்நலம் பற்றியும் அறிக்கையில் ஒரு தலைப்பு இருக்கிறது, கல் தூசியை விழுங்குகிறவர்களைவிட அதைப் பற்றிச் சொல்லத் தகுந்தவர்கள் யார்?

தமிழிலேயே எழுதுங்கள்.

கொடுப்பது

மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, சுரங்கத் துறைக்கு ஒரு நகல். நேரில் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம், மனு எண் கிடைக்கும். மின்னஞ்சலையும் அனுப்பிவிடுங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். இருபதாம் நாள் சர்வர் வேலை செய்யாது, இல்லை அரசு விடுமுறையாக இருக்கும். அந்தச் சமயத்தில் கிராம சபை வந்தால் ஒரு தீர்மானமும் போட்டு நகலை இணையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு.

அப்புறம்

இறுதி அறிக்கை வந்ததும் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் கருத்து ஏறவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: வரைவுக்கு வந்த கருத்துகளின் பட்டியல், ஒவ்வொன்றின் மீதும் எடுத்த முடிவு, அதற்கான கோப்புக் குறிப்பின் நகல். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.

அந்தப் புல எண்ணுக்கு யாராவது சுற்றுச்சூழல் அனுமதி கேட்டால் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் தெரியும். மாதம் ஒருமுறை பார்க்க, படித்த பிள்ளை ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். அனுமதி வந்துவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அப்போது வக்கீல் முதலில் கேட்கும் தாள், தபால் பிரிவில் முத்திரை வாங்கிய அந்த நகல்தான். அதை லேமினேஷன் செய்ய வேண்டாம், முத்திரை மங்கிப்போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, கிணற்று நோட்டோடு சேர்த்து ஒரே பையில் வையுங்கள். நோட்டில் அடுத்த அமாவாசைக்கும் எழுதுங்கள், ஐந்து ஆண்டில் அடுத்த வரைவு வரும்.