ஃபிளாஷ்: எப்போது டிடிஎல், எப்போது மேனுவல்?

கல்யாண வரவேற்பில் மணமக்கள் நிற்கும் இடம் மாறாது, நீங்கள் நிற்கும் இடமும் மாறாது. அங்கே ஃபிளாஷை மேனுவலில் (வெளிச்ச அளவை நீங்களே வைக்கும் முறை) வையுங்கள். டிடிஎல் (லென்ஸ் வழியாக அளக்கும் ஆட்டோ முறை) ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சின்னதாக ஒரு வெளிச்சம் அடித்து, திரும்பி வருவதை அளந்து அளவை முடிவு செய்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் மேடையேறினால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகங்கள் இருண்டுபோகும். அடுத்து கறுப்பு கோட்டுக்காரர்கள் வந்தால் கூட்டிவிடும். நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும். ஆல்பத்தில் அதே பட்டுப்புடவை பக்கத்துக்குப் பக்கம் வேறு நிறமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடங்க ஒரு கணக்கு: கைடு நம்பரை (ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் எண்) மீட்டர் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பைக் காட்டும் எஃப் எண்). ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-ல் கைடு நம்பர் 40, தூரம் 5 மீட்டர் என்றால் முழு பவரில் எஃப்/8. ஐஎஸ்ஓ 400 வைத்தால் அதே எஃப்/8-க்கு 1/4 பவர் போதும். பேட்டரி தாங்கும், ஃபிளாஷும் சீக்கிரம் தயாராகும். ஃபிளாஷ் ஜூமை (வெளிச்சம் பரவும் கோணம்) அகலமாக்கினால் கைடு நம்பர் குறையும் என்பதை மறக்க வேண்டாம். வெளிச்சத்தை சீலிங்கில் அடித்துத் திருப்பி பவுன்ஸ் செய்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு படம் எடுத்து, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 1/3 ஸ்டாப்பாகத் திருத்துங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி).

மாப்பிள்ளை அழைப்பு வேறு கதை. 2 மீட்டரில் இருந்தவர் 4 மீட்டருக்குப் போனால் நாலு மடங்கு, அதாவது 2 ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். நடந்துகொண்டே அதைக் கையால் திருத்த முடியாது. அங்கே டிடிஎல்தான். ஃபிரேம் முழுக்க வெள்ளை உடை என்றால் ஃபிளாஷ் காம்பன்சேஷன் (டிடிஎல் முடிவு செய்த அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி) +2/3 ஸ்டாப், கறுப்பு என்றால் -2/3.