பெயாரிங் வண்டி: மேட்டிலிருந்து நேராக இறக்குவது எப்படி

பெயாரிங் வண்டி என்றால் இரும்புப் பெயாரிங்குகளையே சில்லாகப் பூட்டிய, என்ஜின் இல்லாத மரவண்டி; சரிவில் தானாக ஓடும். கொழும்பு தட்டையான ஊர். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம் போனால் சில மேடுகள் கிடைக்கும். மற்ற இடங்களில் சரிவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். செங்குத்தாக இருக்கத் தேவையில்லை. 60 மீற்றரில் 3 மீற்றர் இறங்கினாலே வண்டி மணிக்கு 20 கி.மீ.ஐத் தாண்டிவிடும். இறக்கத்தை அளக்க மேசன் பாஸ்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும். அடியில் 25 மீற்றராவது சமதரை வேண்டும். வாகனம் ஓடும் ரோட்டில் வேண்டாம். கேற் பூட்டக்கூடிய வளவு அல்லது முட்டுச்சந்து ஒழுங்கை பாருங்கள்.

பெயாரிங்குக்கு, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. 6205 என்று கேளுங்கள்: உள் துளை 25 மி.மீ., வெளி விட்டம் 52, அகலம் 15. நாலு வேண்டும், ஐந்து வாங்குங்கள். பழசு என்றால் உள் வளையத்தை விரலில் மாட்டி வெளி வளையத்தைச் சுற்றிவிடுங்கள். மணல் அரைபடுவதுபோலத் தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, தையல் மெசின் எண்ணெய் நாலைந்து துளி விட்டால் போதும்.

அச்சுக்கு முடிச்சு இல்லாத பலா அல்லது மகோகனி, 2×3 அங்குலம். பின் அச்சு 30 அங்குலம், முன் அச்சு 26. பொதிப் பெட்டிப் பலகையில் செய்தால் முதல் குழியிலேயே முறியும்.

பெரும்பாலான வண்டிகள் கெடுவது அச்சின் நுனியில்தான். 3 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கட்டும். நுனியில் 40 மி.மீ. நீளத்துக்கு உருளையாகச் செதுக்குங்கள், ஆனால் மரத்தின் நடுவில் அல்ல, அடிப்பக்கத்தோடு ஒட்டி. நடுவில் எடுத்தால் பெயாரிங் தரையைத் தொடவே தொடாது, மரம்தான் ரோட்டில் கிடக்கும். அச்சின் உடலை ஒட்டிய முதல் 3 மி.மீ.ஐ 30 மி.மீ. விட்டத்தில் விட்டு, மிச்சத்தை 25க்கு இறக்குங்கள். அந்தச் சின்னப் படி பெயாரிங்கின் உள் வளையத்தில் மட்டும் முட்டும். படி இல்லாவிட்டால் வெளி வளையம் மரத்தில் உரசி நின்றுவிடும். வாள் ஒரு மி.மீ. கூடுதலாக இறங்கினாலும் அதே கோட்டில்தான் பிறகு முறியும், ஆகவே கடைசியில் அரமும் மண்கடதாசியும்தான். பெயாரிங் மரச்சுத்தியலால் தட்டித்தான் ஏற வேண்டும். வெளியே 4 மி.மீ. துளையிட்டு ஆணி செருகி, இரு பக்கமும் 2 மி.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வெட்டுங்கள்.

தளத்துக்கு 18 மி.மீ. பிளைவுட், 4 அடிக்கு 14 அங்குலம். அடியில் நீளவாக்கில் இரண்டு 2×1 சட்டம் அடிக்காவிட்டால் நடுவில் தொய்யும். பின் அச்சை நாலு போல்ட்டால் இறுக்குங்கள். முன் அச்சு ஒரேயொரு அரை அங்குலப் போல்ட்டில், 5 அங்குல நீளம், திரும்பும். போல்ட்டின் தலையை அடி மரத்துக்குள் புதையுங்கள். தரைக்கும் அச்சுக்கும் ஒரு சென்ரிமீற்றர்தான் இடைவெளி. தளத்துக்கும் அச்சுக்கும் நடுவே கிறீஸ் பூசிய இரண்டு பெரிய வாசர், மேலே ஒன்றோடொன்று இறுக்கிய இரண்டு நட். ஒற்றை நட் அதிர்ந்து கழன்றுவிடும்.

முன் அச்சைக் காலால் திருப்புவதே நல்லது, கை பிறேக்குக்கு வேண்டும். இடது காலைத் தள்ளினால் வண்டி வலது பக்கம் போகும். இது பழக அரை நாள் எடுக்கும். நுனி 3 அங்குலத்துக்கு மேல் நகராதபடி தளத்தின் அடியில் தடுப்புக் கட்டை அடியுங்கள். தடுப்பில்லாத அச்சு குறுக்கே மடங்கினால் வண்டி கவிழும்.

பிறேக்குக்கு 18 அங்குலக் கட்டை இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, அடியில் பழைய மோட்டார் சைக்கிள் ரயர்த் துண்டு. மேல் நுனியைப் பின்னால் இழுத்தால் ரயர் ரோட்டில் பிடிக்கும்படி பூட்டுங்கள். முன்னால் தள்ளும் விதத்தில் பூட்டினால் ரோட்டைக் கவ்வி கையைத் தூக்கி எறியும். இரண்டையும் சேர்த்தே இழுக்க வேண்டும். ஒன்றை மட்டும் இழுத்தால் வண்டி சுழலும்.

இனி நாடா எடுங்கள். முன் அச்சை நேராக வைத்து, இடப் பக்க நுனிகளுக்கிடையிலான தூரத்தையும் வலப் பக்கத் தூரத்தையும் அளங்கள். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் அச்சின் போல்ட்டைத் தளர்த்தித் திருத்துங்கள். கோணலான வண்டி வழி முழுக்க டாரில் தேய்ந்துகொண்டே வரும். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் வேகம் வராது.

இரண்டு வண்டி ஓட்டினால் ஒரு சுற்று முடிந்ததும் பக்கத்தை மாற்றி இன்னொரு சுற்று ஓட்டி, இரண்டின் நேரத்தையும் கூட்டுங்கள். ரோட்டின் இரு பக்கமும் ஒருபோதும் ஒன்றாக இருப்பதில்லை. தள்ளிவிடக் கூடாது, சில்லுக்கு முன்னால் வைத்த பலகையைத் தூக்கி விடுங்கள். ஹெல்மெட், கையுறை, சப்பாத்து கட்டாயம். மழை பெய்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்: ஈர டாரில் இரும்புக்குப் பிடி கிடையாது. மான்ஹோல் மூடி இருக்கும் வழியும் ஆகாது, விளிம்பு ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தாலும் அச்சு அதில் இடித்து நிற்கும், ஓட்டுபவர் நிற்கமாட்டார்.