சத்தமும் கூட்டமும் தாங்காதவர்கள் செய்யும் தவறுகள்

மண்டபத்தில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதற்கு மேல் கத்திப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, ஒருவருக்கு மட்டும் கால் மணி நேரத்தில் தலை கிறுகிறுக்கும். டியூப்லைட் மினுக்கினால் அவருக்கு வேலை ஓடாது. ஆபீஸில் யாரோ இருவர் சண்டை போட்டால், சம்பந்தமே இல்லாத இவருக்கு நெஞ்சு படபடக்கும். ஊரில் இப்படிப்பட்டவரைத் 'தொட்டாச்சிணுங்கி' என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன், கணவர் ஆர்தர் ஏரனுடன் சேர்ந்து 1997-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலும் பிறவியிலேயே வரும் குணம் இது, நோய் இல்லை என்பது அவர் கருத்து. இந்தக் குணம் உள்ளவர்களை 'ஹைலி சென்சிட்டிவ் பர்சன்' என்கிறார்கள், சுருக்கமாக ஹெச்எஸ்பி. கண், காது, மூக்கு வழியாக வருவதையும் அடுத்தவர் முகத்தில் தெரிவதையும் இவர்களுடைய மூளை மற்றவர்களைவிட ஆழமாக அலசுகிறது, அதனால் சீக்கிரம் களைக்கிறது என்பது விளக்கம். ஐந்தில் ஒருவர் இப்படி என்று முதலில் சொன்னார்கள். 2018-ல் வந்த ஓர் ஆய்வு, பத்தில் மூன்று பேர் வரை அதிக நுண்ணுணர்வு உள்ளவர்கள் என்றது.

குணத்தை மாற்ற முடியாது, சரி. ஆனால் அதனால் வரும் அவதியில் ஒரு பெரும்பங்கு நாமே இழுத்துவிட்டுக்கொள்வது என்பது என் எண்ணம். ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருப்போம். இல்லையென்றால் எதற்குமே போகாமல் கதவைச் சாத்திக்கொள்வோம். எவ்வளவு தாங்கும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு.

பெயர் கிடைத்ததும் நின்றுவிடுவது

ஏரன் தந்த கேள்வித்தாளில் 27 கேள்விகள். இணையத்தில் அதன் பல வடிவங்கள் சுற்றுகின்றன. ஐந்து நிமிடத்தில் டிக் அடித்து, மதிப்பெண் அதிகம் வந்ததும், "ஓ, நான் ஹெச்எஸ்பி! அதனால்தான் எல்லாம்" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதியைக் குறை சொல்லவில்லை. வருடக்கணக்கில் திட்டு வாங்கியவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் இது மருத்துவர்கள் கண்டறிந்து எழுதிக்கொடுக்கும் நோய்ப் பெயர் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இதற்கு இடமே கிடையாது. அதோடு, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. மைக்ரேன் தலைவலியில் இரண்டுமே வரும். தைராய்டு அதிகம் சுரந்தால் படபடப்பும் எரிச்சலும் வரும். பதற்றக் கோளாறு, ஆட்டிசம், தலையில் அடிபட்டதன் பின்விளைவு, பழைய அதிர்ச்சி ஒன்றின் மிச்சம் என்று பட்டியல் நீளும். பக்கத்தில் ஒருவர் மெல்லும் சத்தமோ மூக்கை உறிஞ்சும் சத்தமோ கேட்டால் மட்டும் கோபம் தலைக்கேறுகிறது என்றால் அது மிசோஃபோனியாவாக இருக்கலாம். அது வேறு சங்கதி.

எளிதாகப் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி உதவும்: சின்ன வயதிலிருந்தே இப்படியா, அல்லது சமீபத்தில் ஆரம்பித்ததா? பள்ளி மணிச் சத்தத்துக்கே திடுக்கிட்ட பிள்ளை பெரியவரானதும் மண்டபத்தில் தவிப்பது குணம். நாற்பது வயதுவரை திருவிழாக் கூட்டத்தில் தூங்கியவருக்குப் போன தீபாவளியிலிருந்து திடீரென்று சத்தம் ஆகவில்லை என்றால், டாக்டரைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொள்வது

நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் தவறு இது. பஞ்சுபோன்ற இயர்ப்ளக் மலிவாகக் கிடைக்கிறது. சரியாக வைத்தால் சத்தத்தை 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். பட்டாசு வெடிக்கும் இரவிலோ, பாட்டு போட்டுக்கொண்டு ஓடும் தனியார் பஸ்ஸிலோ அது வரப்பிரசாதம். அந்த நிம்மதி பிடித்துப்போய், வீட்டில் மிக்ஸி ஓடினாலும் ஃபேன் ஓடினாலும் காதில் ஏதாவது செருகிக்கொண்டே இருந்தால் விளைவு தலைகீழாகிறது. வெளியிலிருந்து வருவது குறைந்ததும் மூளை தன் வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது. 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனையில், சாதாரணச் செவித்திறன் உள்ளவர்களை இரண்டு வாரம் ஏறத்தாழ நாள் முழுவதும் இயர்ப்ளக் அணிய வைத்தார்கள். முடிவில் அவர்களுக்கு, முன்பு இயல்பாகத் தோன்றிய சத்தங்களே அதிகமாகத் தெரிந்தன. மெல்லிய இரைச்சல் தரும் கருவியை அணிந்தவர்களிடம் இதற்கு எதிரானது நடந்தது. அவர்களுடைய தாங்கும் சக்தி கூடியது.

அதனால் இயர்ப்ளக்கைக் குடைபோல வைத்துக்கொள்ளுங்கள். மழை நின்றதும் மடக்கிவிட வேண்டும். வீட்டில் ஆழ்ந்த மௌனம் தேடுவதைவிட ஃபேன் சத்தம், மெதுவான வீணை என்று ஏதோ ஒன்று லேசாகக் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போனுக்கும் இதே கணக்குதான்.

ஓய்வு என்ற பெயரில் போன்

ஆபீஸிலிருந்து பிழிந்து எடுத்த மாதிரி வருகிறோம். லைட்டை அணைத்துப் படுத்து, கையில் போன். ஒரு மணி நேரம் ரீல்ஸ். உடம்பு படுத்திருக்கிறது, மூளையோ நிமிடத்துக்கு ஏழெட்டு முகம், ஏழெட்டு பாட்டு, நடுவில் ஒரு விபத்து, ஒரு அழுகை என்று வாங்கிக்கொண்டே இருக்கிறது. மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்காக இருக்கலாம். ஏற்கெனவே நிரம்பி வந்தவருக்கு இது இன்னொரு ஷிஃப்ட். மொட்டைமாடியில் பத்து நிமிடம் நடப்பது, பாத்திரம் கழுவுவது, பூண்டு உரிப்பது போன்று கைக்கு மட்டும் வேலை உள்ள எதுவும் இதைவிட மேல். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறினால்தானே சித்தப்பா கோபித்துக்கொள்வார்? மியூட்டில் 'எப்போதும்' என்று போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று காபி. களைப்பாக இருக்கிறதே என்று மாலை ஆறு மணிக்கு ஒரு ஸ்ட்ராங் டிகாக்‌ஷன் போட்டால், அதிலுள்ள காஃபீனில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் கெட்ட மறுநாள் குக்கர் விசில்கூட அடிப்பதுபோல் இருக்கும்.

கல்யாணத்துக்கு முழுதாகப் போவது, அல்லது போகாமலே இருப்பது

நம் ஊரில் இந்தக் குணத்துக்கான உண்மையான பரீட்சை கல்யாண மண்டபம்தான். முந்தின நாள் மாலை ரிசப்ஷன்: லைட் மியூசிக், எல்இடி திரை, வீடியோ லைட், செண்ட் வாசனை, மேடைக்கு ஒரு மணி நேர வரிசை, நடுவில் "என்னைத் தெரியுதா, சொல்லு பார்ப்போம்" என்று வழிமறிக்கும் பெரியம்மா. மறுநாள் முகூர்த்தம். பலர் இரண்டையும் முழுக்கத் தாங்கிவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்கிறார்கள். அடுத்த கல்யாணத்துக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்கிறார்கள். இரண்டு மூன்று பொய்க்கு அப்புறம் உறவு அறுந்துவிடுகிறது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என் ஓட்டு முகூர்த்தத்துக்கு. விடிகாலை முகூர்த்தம் என்றால் கூட்டம் கம்மி. கெட்டிமேளம் கொட்டும் சில நிமிடங்களைத் தவிரப் பெரிய சத்தம் இல்லை. முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் யாரும் கேட்கமாட்டார்கள். ரிசப்ஷனுக்குப் போயே ஆக வேண்டும் என்றால் ஆரம்பிக்கும் நேரத்துக்கே போங்கள், ஸ்பீக்கருக்கு நேராக உட்காராதீர்கள். நெருங்கிய சொந்தம், நடுவில் எழுந்து வர முடியாது என்றால் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் சந்தனம் கொடுப்பது, சாப்பிட்டு வருபவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுப்பது. நிற்க ஓர் இடம் கிடைக்கும், வருபவரிடம் இரண்டு வார்த்தை பேசினால் போதும், ஹாலின் இரைச்சல் பாதியாகக் குறையும். ஒதுங்கி உட்கார்ந்தான் என்ற பேச்சும் வராது; ஓடியாடி வேலை செய்தான் என்று பெயர்கூட வரும்!

ஒரே நாளில் இரண்டு விசேஷம் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் காலையைக் காலியாக விடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

கவனித்ததையும் ஊகித்ததையும் ஒன்றாக எண்ணுவது

இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. நுண்ணுணர்வு உள்ளவர்களுக்கு அடுத்தவர் மனம் அப்படியே தெரியும் என்று ஒரு பெருமை இருக்கிறது. மாமியாரின் முகம் மாறியதை வீட்டில் முதலில் கவனிப்பது அந்த மருமகள்தான், அது உண்மை. 'நான் வைத்த குழம்பு பிடிக்கவில்லை' என்று அவள் முடிவு கட்டுவது வெறும் ஊகம். மாமியாருக்கு மூட்டுவலியாக இருக்கலாம். "என்னங்கத்தை, முட்டி வலிக்குதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துபோகும் விஷயத்தை, ராத்திரி பூராவும் புரண்டு புரண்டு யோசித்துப் பெரிதாக்குகிறோம். மேலதிகாரியின் ஒருவரி மெயிலுக்கும் இது பொருந்தும். இரவு பதினொரு மணிக்கு நீளமான பதில் எழுதத் தோன்றினால் எழுதுங்கள், அனுப்ப மட்டும் வேண்டாம். காலையில் படித்துப் பார்த்தால் முக்கால்வாசியை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

குணத்தை விளக்கப் போவது

அப்பாவிடம் போய் "நான் ஹெச்எஸ்பி, என் நரம்பு மண்டலம் வேறு மாதிரி" என்று ஆரம்பித்தால், "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்பதில்தான் முடியும். விளக்கத்தை விட்டுவிட்டுத் தேவையைக் கேளுங்கள். "அப்பா, எட்டு மணிக்கு மேல டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன்." "வேலைவிட்டு வந்ததும் அரை மணி நேரம் ரூம்ல இருந்துட்டு வர்றேன்மா, அப்புறம் பேசலாம்." சின்னதாக, நேரம் குறித்துக் கேட்டால் நம் வீடுகளில் பெரும்பாலும் நடக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பயத்தைத் தெளிய வைக்கிறேன் என்று அழும் பிள்ளையின் கையில் வெடியைத் திணிப்பவர்கள் ஒரு பக்கம். பாவம் என்று பிறந்தநாள் விழாவுக்குக்கூட அனுப்பாதவர்கள் மறுபக்கம். இங்கிலாந்தில் 11 வயதுச் சிறுமிகளுக்குப் பள்ளியில் மன உறுதிப் பயிற்சி தந்து செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. மனச்சோர்வு குறைந்தது நுண்ணுணர்வு அதிகம் உள்ள சிறுமிகளிடம்தான். அது குறைவாக உள்ளவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. கெட்ட சூழலில் அதிகம் வாடுகிற பிள்ளை, நல்ல சூழலில் அதிகம் தளிர்க்கவும் செய்கிறது. வெடிக்கு முன் கம்பி மத்தாப்பு, அதற்கும் முன் ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்ப்பது என்று படிப்படியாகப் போனால் போதும்.

எல்லாமே என் குறை என்று நினைப்பது

கடைசியாக ஒன்று. சில சத்தம் உண்மையிலேயே அதிகம். ஒலி மாசு பற்றிய மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்றவற்றுக்காக வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அவ்வளவுதான். தெருமுனைக் குழாய் ஸ்பீக்கர் இரவு ஒரு மணிக்கு அலறினால், தூங்க முடியாத உங்களிடம் எந்தக் குறையும் இல்லை.

பழகிய ஊர் என்றால் முதலில் விழாக் குழுவில் தெரிந்தவரிடம் சொல்லிப் பார்க்கலாம். ஒரு குழாயைத் திருப்பிக் கட்டுவதற்குப் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். நடக்கவில்லை என்றால் 112. போனில் உங்கள் உடம்பைப் பற்றியும் நரம்பைப் பற்றியும் பேச வேண்டாம். தெருப் பெயர், நேரம், எத்தனை ஸ்பீக்கர் என்று மட்டும் சொல்லுங்கள். சத்தம் ஒருபுறமிருக்க, பல வாரமாகத் தூக்கம் இல்லை, வேலைக்குப் போகவே பயமாக இருக்கிறது என்ற நிலை என்றால் அழைக்க வேண்டிய எண் 14416. அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.