மங்கலாக்கினால் மட்டும் லிங்க் செயலிழக்காது

வலைப்பக்கத்தில் லிங்கை உருவாக்கும் ஆங்கர் டேகில் ‘டிசேபிள்டு’ (செயலிழந்தது) என்று எழுதிவிட்டு, லிங்க் செயலிழந்துவிட்டது என்று நம்புவது அடிக்கடி கண்ணில் படும் தவறு. அந்த அட்ரிபியூட் (டேகுக்குள் எழுதும் பண்பு) பட்டன், இன்புட், செலக்ட், ஃபீல்டுசெட் போன்ற ஃபார்ம் உறுப்புகளுக்கு உரியது. ஆங்கரில் எழுதினால் பிரவுசர் அதைப் பொருட்படுத்தாது. லிங்க் வழக்கம்போலத் திறக்கும்.

அடுத்து, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸை நாடுவார்கள். ஒபாசிட்டியைக் குறைத்து லிங்கை மங்கலாக்கி, மவுஸ் கிளிக்கை ஏற்கும் பாயின்ட்டர்-ஈவென்ட்ஸுக்கு ‘நன்’ என்று கொடுப்பார்கள். பூட்ஸ்டிராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பில் லிங்கை பட்டன்போலக் காட்டி டிசேபிள்டு கிளாஸ் சேர்க்கும்போது நடப்பதும் இதுவே. மவுஸ் கிளிக் நின்றுவிடும். ஆனால் டேப் கீயால் அந்த லிங்குக்கு வந்து என்டரைத் தட்டினால் பக்கம் திறந்துவிடும். மவுஸ் பிடிக்க முடியாமல் கீபோர்டை நம்பியிருப்பவருக்கு அது இன்னும் வேலை செய்யும் லிங்க்தான்.

சரியான வழி, லிங்க் போகும் முகவரியைச் சொல்லும் ஹெச்ரெஃபை நீக்குவது. அது போனால் ஃபோகஸும் (டேப் கீ வந்து நிற்பது) வராது, என்டரும் பலிக்காது. திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கும் நிலைமை தெரிய ரோல் ‘லிங்க்’, ஏரியா-டிசேபிள்டு ‘ட்ரூ’ என்ற இரண்டு அட்ரிபியூட்டுகளையும் சேர்க்க வேண்டும். முதல் பக்கத்தில் நிற்கும்போது வரும் ‘முந்தைய பக்கம்’ போன்றவற்றை லிங்க் இல்லாத வெறும் எழுத்தாகவே விட்டுவிடலாம்.

பட்டனில் வரும் சிக்கல் வேறு. டிசேபிள்டு ஒரு பூலியன் அட்ரிபியூட்: அது இருந்தாலே ‘ஆம்’, இல்லாவிட்டால் ‘இல்லை’. எச்டிஎம்எல்லில் அதற்கு ‘ஃபால்ஸ்’ என்று மதிப்புக் கொடுத்தாலும் பட்டன் முடங்கியே இருக்கும். திறக்க வேண்டுமானால் அட்ரிபியூட்டையே எடுக்க வேண்டும்.

எல்லாக் கட்டங்களும் சரியாக நிரம்பும்வரை ‘அனுப்பு’ பட்டனைப் பூட்டி வைப்பதுதான் பயனரை அதிகம் தவிக்கவிடுகிறது. ஐஎஃப்எஸ்சி குறியீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 11 எழுத்துகள். ஐந்தாவது இடத்தில் வருவது பூஜ்யம். அங்கே ஆங்கில ஓ எழுத்தைத் தட்டியவருக்குப் பட்டன் ஏன் திறக்கவில்லை என்று புரியவே புரியாது. காரணத்தை டூல்டிப்பில் (சுட்டும்போது தோன்றும் சிறு குறிப்பு) சொல்லலாம் என்றால், டிசேபிள்டு பட்டனுக்கு ஃபோகஸ் வராது, அதில் தொங்கவிட்ட டூல்டிப் ஸ்கிரிப்டும் பெரும்பாலும் இயங்காது. போதாததற்கு, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 கான்ட்ராஸ்ட் கேட்கும் டபிள்யூசிஏஜி (வலைத்தள அணுகல் வழிகாட்டி) விதி செயலிழந்த உறுப்புகளுக்கு விலக்குத் தருவதால், படிக்கவே முடியாத சாம்பல் எழுத்து வந்து உட்கார்ந்துவிடுகிறது. பட்டனைத் திறந்தே வையுங்கள். அழுத்தியதும் எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று அந்தக் கட்டத்தின் அருகிலேயே எழுதி, முதல் பிழைக்கு ஃபோகஸை நகர்த்துங்கள்.

பணம் கட்டும் பட்டனை இருமுறை அழுத்திவிடக் கூடாது என்பது நியாயமான கவலை. ஆனால் அழுத்திய நொடியில் டிசேபிள்டு ஆக்கினால், அதில் இருந்த ஃபோகஸ் நழுவி, கீபோர்டு பயனர் பக்கத்தில் தன் இடத்தைத் தொலைத்துவிடலாம். ஏரியா-டிசேபிள்டு கொடுத்தால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். அது நிலையை அறிவிக்குமே தவிர எதையும் தடுக்காது. தடுப்பதை ஜாவாஸ்கிரிப்டில் நீங்களே எழுத வேண்டும். பட்டனின் கிளிக்கில் மட்டும் பார்க்காமல் ஃபார்மின் சப்மிட் ஈவென்ட்டிலேயே தடுங்கள். ஏதாவது ஓர் இன்புட் கட்டத்துக்குள் என்டர் தட்டினாலும் ஃபார்ம் போகும். பட்டன் எழுத்தை ‘அனுப்புகிறோம்…’ என்று மாற்றுங்கள். நெட்வொர்க் அறுந்தால் பழைய நிலைக்குத் திருப்ப மறக்காதீர்கள். இத்தனை செய்தாலும் பிரவுசரின் டெவ்டூல்ஸ் கருவியில் யாரும் பூட்டை நீக்கிவிடலாம் என்பதால், ஒரே பரிவர்த்தனை எண் இருமுறை வருகிறதா என்று சர்வரும் பார்த்தே ஆக வேண்டும்.

டிசேபிள்டு ஆன இன்புட்டின் மதிப்பு சர்வருக்குப் போகவே போகாது. மாற்ற முடியாமலும் இருக்க வேண்டும், மதிப்பும் போக வேண்டும் என்றால் ரீட்ஒன்லி கொடுங்கள். செலக்டுக்கும் செக்பாக்ஸுக்கும் ரீட்ஒன்லி பலிக்காது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹிடன் இன்புட்டில் மதிப்பை அனுப்ப வேண்டும்.

ஃபயர்பாக்ஸில் மட்டும் ரீலோடு செய்த பிறகும் பட்டன் முடங்கியே இருந்தால் கோடில் பிழை தேடி அலைய வேண்டாம். ஸ்கிரிப்ட் மாற்றிய டிசேபிள்டு நிலையை அந்த பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்கிறது. பட்டனில் ஆட்டோகம்ப்ளீட் ‘ஆஃப்’ என்று கொடுத்தால் சரியாகிவிடும்.