முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுரை எழுதி முடித்ததும் முனைவர் பட்ட மாணவர்களின் முதல் கவலை, ஏற்கெனவே வெளியான எழுத்துகளோடு ஒற்றுமை "எத்தனை பர்சன்ட் வரும்?" என்பதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. அதனால் இந்த ஒற்றுமையைக் கணக்கிடும் 'டர்னிட்டின்' என்ற மென்பொருளின் அறிக்கையில் 9 வந்துவிட்டால் கட்டுரை சுத்தம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண் சொற்களின் ஒற்றுமையை மட்டுமே காட்டும். அடுத்தவருடைய வாதத்தையோ வரைபடத்தையோ எடுத்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லாமல் விட்டால், பூஜ்யம் வந்தாலும் அது திருட்டுதான்.

சதவீதத்தைக் குறைக்க, வாக்கியங்களைத் தானாக மாற்றித் தரும் மென்பொருளிடம் போவது இன்னும் மோசம். 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'பூசம் பெரில்' (bosom peril, அதாவது 'மார்பு ஆபத்து') என்று மாறிய கட்டுரைகள் உண்மையிலேயே அச்சாகியிருக்கின்றன. இப்படிப்பட்ட விசித்திரத் தொடர்களையே தடயமாக வைத்துக் கட்டுரைகளைச் சலித்தெடுக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பிடிபட்ட பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன.

நம் ஊரில் அதிகம் நடப்பதும் யாரும் வாய்திறக்காததும் ஆசிரியர் பட்டியலில் பெயர் போடும் விஷயம். துறைத்தலைவர் பெயர், நெறியாளரின் நண்பர் பெயர், கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டவர் பெயர் என்று பட்டியல் நீள்கிறது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ அறிவார்ந்த பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரை முழுவதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். ஆய்வகம் கொடுத்தவருக்கும் நிதி வாங்கித் தந்தவருக்கும் நன்றிப் பகுதி இருக்கிறது. அதே சமயம், ஊர் ஊராகப் போய்த் தரவு திரட்டி, பகுப்பாய்விலும் எழுத்திலும் உழைத்த இளையவரின் பெயரை விட்டுவிடுவது பெரிய அநியாயம்.

நான்காவது நிபந்தனை வெறும் சம்பிரதாயம் அல்ல. 2020-ல் கொரோனா நோயாளிகள் பற்றி 'லான்செட்'டிலும் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னிலும் வந்த இரண்டு கட்டுரைகள் அந்த ஜூன் மாதமே திரும்பப் பெறப்பட்டன. சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் தந்த மூலத் தரவை மற்ற ஆசிரியர்களால் சரிபார்க்க முடியவில்லை. பெயர் போட்டவர்கள் உலகத்துக்கு முன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நெறியாளரிடம் இதை எப்படிப் பேசுவது என்ற தயக்கம் நியாயமானதுதான். வேலை முடிந்தபின் கேட்டால் சண்டையாகும். ஆய்வு தொடங்கும்போதே, "சார், யார் யார் என்ன செய்யப்போகிறோம், பெயர் வரிசை எப்படி என்று ஒரு மெயிலில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். துறை சின்னது, இரண்டு பிரதியும் ஒரே மதிப்பாய்வாளர் கைக்குப் போகக்கூடும். செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஆசிரியராகப் போட முடியாது. பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது தரும் மேற்கோள் நூல் ஒவ்வொன்றும் உண்மையில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

அப்புறம் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள். 2013-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பிழைகள் நிறைத்த போலி மருந்துக் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. மூன்றே நாளில் ஏற்பு, மதிப்பாய்வாளர் கருத்து ஒரு வரிகூட இல்லை, உடனே கட்டண ரசீது என்றால் விலகிவிடுங்கள். புகழ்பெற்ற இதழின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்துபவர்களும் உண்டு. இதழ்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்-ஐ அதன் அதிகாரபூர்வத் தளத்தில் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். மானியக் குழு, ஏற்கத்தக்க இதழ்களைத் தொகுத்திருந்த தன் 'கேர்' பட்டியலை 2025-ல் கைவிட்டுவிட்டதால் இந்த வேலை இப்போது நம் தலையில்தான்.

கட்டுரை வெளிவந்தபின் பிழை கண்ணில் பட்டால் மூடி மறைக்காதீர்கள். நேர்மையான பிழைக்குத் திருத்தம் வெளியிடுவது வழக்கமான நடைமுறை. எந்த அட்டவணை, அச்சான எண் எது, சரியான எண் எது, அதனால் முடிவு மாறுகிறதா என்பதை எழுதி, எல்லா இணையாசிரியர்களின் ஒப்புதலோடு இதழாசிரியருக்கு அனுப்புங்கள்.